வில்சன் வாத்தியார் மீசைக்கு வைத்த கணக்கு

ஆம்பூர்,
மார்கழி மாதம் 18-ந் தேதி

ரங்கூனில் அரிசி மில்லில் வேலையாய் இருக்கிற என் மகன் சிரஞ்சீவி துரைசாமிக்கு, உன் அம்மா பட்டம்மாள் ஆம்பூரிலிருந்து உனக்கு ஆயுசும் பலமும் கேட்டு எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம், உன் நைனா சுகம், மேல்விஷாரத்தில் உன் தங்கச்சி அமிர்தவள்ளியும் அவள் வயிற்றில் இருக்கிறதும் சுகம், வெள்ளாடு குட்டி போட்டு அதுங்களும் சுகம். வில்சன் வாத்தியார் மீசையும் சுகமாத்தான் இருக்குது, இந்த வீட்டுக்கு அது ஒண்ணுதான் விசனம். அங்கே உனக்கு உடம்பு எப்படி இருக்குது, இருமல் நின்னுதா, அந்த ஊர் மீன் நாத்தக் குழம்பைத் தின்னக் கத்துக்கிட்டியா இன்னும் மூக்கைப் பிடிச்சிக்கிட்டுத்தான் உக்கார்றியா, எல்லாம் விவரமா எழுது. தோல் மண்டி நாத்தத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு மீன் நாத்தம் ஜாஸ்தியாப் போச்சான்னு உன் நைனா கேக்கறார். பாலாத்தில் இந்த வருஷம் தண்ணி வந்தது, சம்பளத்தன்னிக்கு வர்ற சொந்தக்காரன் மாதிரி வந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போய்ட்டது.

உன் கடுதாசி போன வாரம் கிடைச்சது. நான் போன தபாலில் அனுப்பின கணக்குங்களுக்கு நீ அனுப்பின பதிலையும் பார்த்தேன். காகிதம் மேலேயிருந்து கீழே வரைக்கும் வெறும் விடைதான். மூணு, பன்னிரண்டு, நாற்பத்தஞ்சு, முடிஞ்சது கதை. கல்யாணச் சாப்பாடு எப்படி இருந்ததுன்னு கேட்டா ஒருத்தன் ஏப்பம் விட்டுக் காட்டின மாதிரி இருக்குதுடா. அந்த விடை எப்படி வந்தது, எந்த வழியா வந்தது, நடந்து வந்ததா பறந்து வந்ததா, ஒரு வரி இல்லை. எனக்குக் கணக்கு சொல்லித் தர்ற வஜீதா அதைப் பார்த்துட்டு, எல்லாம் சரி பட்டம்மா, ஆனா பரீட்சைக்காரன் இதுக்கு சைபர்தான் போடுவான்னு சொன்னாள். அதுக்குக் கீழே நீ எழுதியிருக்கிறது அதைவிடப் பேஜார். விடும்மா, பழைய கதை, அந்த ஆள் மீசை இருந்தா இன்னா போனா இன்னான்னு எழுதியிருக்கே. உனக்கு இன்னாவோ, எனக்கு இருக்குது. நான் சோறு தண்ணி இல்லாம அழுதுக்கிட்டு இருக்கிறேன்னு நினைச்சுடாதே. எனக்கு நல்லாச் சோறு இறங்குது, நல்லாத் தூக்கம் வருது, என் கோபமும் என்கூடவே சோறு தின்னு கொழுத்துக்கிட்டு இருக்குது.

உனக்குத் தெரிஞ்சது பாதிதான். வகுப்பில் நடந்தது உன் பாதி. தோல் பதம் பண்றதுக்கு மண்டிக்குப் போடற கடுக்காயை நம்ம வீட்டில் அளக்கிறப்போ முதல் மரக்காலை ஒண்ணுன்னு யாரும் சொல்றதில்லை, லாபம்னு சொல்லித்தான் போடுவோம், அப்புறம் ரெண்டு, மூணு. அது என் கை பார்த்து உனக்கு வந்த பழக்கம். நீ போர்டில் கணக்கு போடப் போய் முதல் படிக்கு ஒண்ணுன்னு எழுதாம லாபம்னு எழுதினே. வில்சன் வாத்தியார் அதை உரக்கப் படிச்சுக் காட்டி, அன்னியிலிருந்து உன் பேரே லாபம்னு ஆயிடுச்சு. லாபம் வந்துதா, லாபம் எழுந்திரு, லாபம் பெஞ்சு மேல ஏறு. அப்புறம் வழி எழுதாம விடையை மட்டும் எழுதறேன்னு, நீ பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிட்டேன்னு சொல்லி உன்னைப் பெஞ்சு மேல நிக்க வெச்சார். ஸ்கூல் பைனல் கணக்குப் பரீட்சையன்னிக்கு வாசல்ல நின்னு, போடா லாபம், நஷ்டத்தோட வான்னு சொல்லி அனுப்பினார். நீயும் அவர் பேச்சைத் தட்டாம அப்படியே வந்தே. இதெல்லாம் உனக்குத் தெரியும், நீயே சொன்னது.

என் பாதி இது, உன்கிட்ட இதுவரைக்கும் முழுசாச் சொன்னதில்லை. மறுபடியும் எழுதறதுக்கு உனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க சார்னு கேக்கலாம்னு, ஒரு பெட்டைக் கோழியும் ஒரு சீப்பு வாழைப்பழமும் எடுத்துக்கிட்டு அவர் வீட்டுக்குக் கிளம்பினேன். வழியில் ஜவுளிக் கடையில் அவரே உக்காந்திருந்தார். கடை நிறைய ஆளுங்க. நானும் வெவரம் கெட்டவ, அங்கேயே கேட்டுட்டேன். அவர் மீசையை ரெண்டு பக்கமும் தடவிக்கிட்டு, கடுக்காய் அளக்கிற வீட்டிலேயிருந்து கணக்கு வராதும்மா, வாசனைதான் வரும், உன் பிள்ளை கணக்கில் தேறினா நான் இந்த மீசையை எடுத்துடறேன்னு சொன்னார். கடையே சிரிச்சது. துணி கிழிக்கிறவன் கிழிக்கிறதை நிறுத்திட்டுச் சிரிச்சான். எனக்கும் சிரிப்பு வந்தது, எனக்கு எதுக்குத்தான் சிரிப்பு வராது, ஆனா அன்னிக்கு வந்தது வேற சிரிப்பு. அதுக்கு மேலே ஒரு சங்கதி இருக்குது கேளு. அவ்வளவும் சொல்லிட்டு அந்த ஆள் கோழியை மட்டும் வாங்கிக்கிட்டார். பழத்தை வேணாம்னுட்டார். நீ ஊரை விட்டுக் கப்பலுக்குப் போன அந்த வாரமே என் கோழி அவர் வீட்டுக் குழம்பில் வெந்திருக்கும். அந்தச் சிரிப்பையாவது ஒரு நாள் மறந்திருப்பேன், கோழியை எப்படி மறக்கிறது.

அதனால இத்தனை வருஷமா நான் சும்மா இல்லை. எதிரில் எங்கே பார்த்தாலும் கையைக் கட்டிக்கிட்டு மரியாதையா நின்னு, சார் சௌக்கியமா, மீசை சௌக்கியமா, நல்லா எண்ணெய் போட்டு வளருங்க சார், என் பிள்ளை வர்ற வரைக்கும் அது வாடக் கூடாதுன்னு கேட்பேன். சந்தையில், ஸ்டேஷனில், ஒரு தரம் கோயில்ல பூசை முடிச்சு வெளியே வர்றப்போகூடக் கேட்டேன், நம்ம கோயில் இல்லை, அவங்க கோயில். இப்போ தெருப் பிள்ளைங்களும் கேக்குதுங்க. அவர் என்னைக் கண்டா அடுத்த தெருவுக்குத் திரும்பிடறார். திரும்பினா விட்டுடுவேனா, அந்தத் தெருவிலேயும் எனக்குக் கடுக்காய் வாடிக்கை இருக்குது.

வஜீதாவைப் பத்திப் போன கடுதாசியில் சரியா எழுதலை. நாம கடுக்காய் போடற தோல் மண்டி மஹபூப் பாஷா இருக்காரே, அவர் மூத்த மகள். பட்டணத்திலேயிருந்து ஒரு டீச்சரம்மாவை வரவழைச்சு வீட்டோட படிக்க வெச்சார். ஸ்கூல் பைனல் கணக்கு பூராவும் அவளுக்குத் தெரியும், வெளியே போய்ப் பரீட்சை எழுதற வழக்கம் மட்டும் அந்த வீட்டுப் பொண்ணுங்களுக்கு இல்லை. ஒரு தரம் ஒரு கணக்கைப் போட்டு, சரியா பாருங்கன்னு தம்பிகிட்ட குடுத்து வில்சன் வாத்தியாருக்கு அனுப்பினாளாம். உள்ளே இருக்கிற பொண்ணு போட்டதுன்னு தெரிஞ்சதும் பிரிச்சுக்கூடப் பார்க்காம திருப்பி அனுப்பிட்டாராம். அந்த மடிச்ச காகிதத்தை அவள் இன்னும் பெட்டியில் வெச்சிருக்கிறா. நான் உன் கதையைச் சொல்லி, உன் கணக்குப் புஸ்தகத்தைக் காட்டி, இதைப் படிப்படியா எனக்குச் சொன்னா நான் அவனுக்கு எழுதி அனுப்புவேன்னு கேட்டேன். மீசைன்னு சொன்னதுமே ஜன்னல் தட்டிக்குப் பின்னாலேயிருந்து ஒரு சிரிப்பு வந்தது பாரு, அப்பவே எங்களுக்குள்ள உடன்படிக்கை ஆயிடுச்சு. கிடங்குப் பக்கம் மூங்கில் தட்டி போட்ட ஜன்னல் ஒண்ணு இருக்குது. அவள் உள்ளே, நான் வெளியே கடுக்காய்க் குவியல்மேல். அவள் ஒரு படி சொல்லுவா. அதை நான் என் வாயால திருப்பிச் சொல்லணும், அதுவும் ஏன்னு காரணத்தோட. எனக்குப் புரியலைன்னா அடுத்த படிக்குப் போக மாட்டா. மூணாம் வகுப்பு படிச்சவளுக்குப் புரிஞ்சாத்தான் அது படி, இல்லாட்டி அது தாவல்னு அவள் கட்சி. நான் அவசரப்பட்டா, ஜல்தி நக்கோ பட்டம்மான்னு உள்ளேயிருந்து வரும். நான் அதட்டி வளர்த்தவ, என்னையும் ஒருத்தி அதட்டறா, அதுவும் முகம் தெரியாம.

இப்போ கணக்கைக் கேளு. நீ மூணுன்னு ஒரே வார்த்தையில் முடிச்சியே, அந்தத் தொட்டிக் கணக்கு. ஒரு தொட்டிக்கு மேலே ரெண்டு குழாய். ஒண்ணை மட்டும் விட்டா நாலு மணி நேரத்தில் ரொப்பும், இன்னொண்ணை மட்டும் விட்டா ஆறு மணி நேரம். அடியில் ஒரு குழாய் இருக்குது, அது ரொம்பின தொட்டியைப் பன்னிரண்டு மணி நேரத்தில் காலி பண்ணும். மூணையும் ஒண்ணாத் திறந்து விட்டா தொட்டி எப்போ ரொம்பும். கேட்டதும் எனக்குக் கோபம் வந்துடுச்சு, எந்த மடையன் அடியில திறந்து விட்டுட்டு மேலே தண்ணி விடுவான், நம்ம மண்டியில் எவனாவது அப்படிப் பண்ணா உன் நைனா அவன் சீட்டைக் கிழிச்சுடுவாரேன்னேன். அதுக்கு வஜீதா, பட்டம்மா, புஸ்தகத்தில் திறந்து வெச்சுட்டாங்க, நாம மூட முடியாது, திறந்தே இருக்கட்டும்னு கணக்கு போடுன்னா. அதுவும் ஞாயம்தான்.

லாபம். ஒரு மணி நேரத்தில் எது எவ்வளவு வேலை செய்யும்னு தனித்தனியாப் பாரு. முதல் குழாய் நாலு மணியில் முழுசு, அப்போ ஒரு மணியில் கால் தொட்டி. ரெண்டாவது ஒரு மணியில் ஆறில் ஒரு பங்கு. காலுக்குப் பேர் இருக்குது, அரைக்காலுக்கு இருக்குது, பதினாறில் ஒண்ணுக்கு மாகாணின்னு இருக்குது, இந்த ஆறில் ஒண்ணுக்கு மட்டும் நம்ம ஆளுங்க பேரே வைக்காம விட்டுட்டாங்க, அதனால நானே அதுக்கு வில்சன்னு பேர் வெச்சுட்டேன். அடிக் குழாய் ஒரு மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கை வெளியே விடும். ரெண்டு. கால், ஆறில் ஒண்ணு, பன்னிரண்டில் ஒண்ணு, மூணும் மூணு ஜாதி அளவு, அப்படியே கூட்ட முடியாது. மூணுக்கும் பொதுவா ஒரு அளவு வேணும், அது பன்னிரண்டு. தொட்டி பன்னிரண்டு மரக்கால் பிடிக்கும்னு வெச்சுக்கோ. முதல் குழாய் மணிக்கு மூணு மரக்கால், ரெண்டாவது ரெண்டு மரக்கால், அடியில் போறது ஒரு மரக்கால். மூணு. வர்றதைக் கூட்டு, போறதைக் கழி. மூணும் ரெண்டும் அஞ்சு, அஞ்சில் ஒண்ணு போனா நாலு. மணிக்கு நாலு மரக்கால் நிக்குது. நாலு. பன்னிரண்டு மரக்காலுக்கு, மணிக்கு நாலு வீதம், மூணு மணி நேரம். பார்த்தியா, உன் விடைதான், ஆனா இப்போ அது எந்த வழியா வந்ததுன்னு ஊருக்கே தெரியும். இந்த நாலு படியையும் எழுதினா எவனாவது வந்து நீ பக்கத்து இலையைப் பார்த்தேன்னு சொல்லட்டும் பார்க்கலாம்.

அடுத்தது வயசுக் கணக்கு. அப்பன் வயசு மகன் வயசு மாதிரி மூணு மடங்கு. பன்னிரண்டு வருஷம் போனா ரெண்டு மடங்குதான் இருக்கும். மகனுக்கு இப்போ என்ன வயசு. இதுக்கு எக்ஸ்னு ஒண்ணு போடணுமாம். அது யாருடின்னு கேட்டேன். வஜீதா சொன்னதை அப்படியே எழுதறேன், அது எங்களாட்டம் பர்தாவுக்குள்ள இருக்கிற ஆள் பட்டம்மா, வந்ததுமே துணியை இழுத்துப் பார்க்கக் கூடாது, சுத்தி நிக்கிறவங்களை ஒவ்வொருத்தரா மரியாதையா அனுப்பு, கடைசியில் அவ தனியா நிப்பா, அப்போ அவளே பேர் சொல்லுவான்னா. உன் குணமே இழுத்துப் பார்க்கிறதுதானேடா. பொறுமையாக் கேளு. லாபம், மகன் வயசை எக்ஸ்னு வெச்சுக்கோன்னு முதல்ல எழுது, எழுதாம ஆரம்பிக்காதே. ரெண்டு, அப்பன் வயசு மூணு எக்ஸ். மூணு, பன்னிரண்டு வருஷம் ரெண்டு பேருக்கும்தான் போகும், அப்பன் மூணு எக்ஸும் பன்னிரண்டும், மகன் எக்ஸும் பன்னிரண்டும். நாலு, அப்போ அப்பன் வயசு மகனுது ரெண்டு மடங்கு, அதனால மகன் பக்கத்தை ரெட்டிப்பாக்கு.

இந்த நாலாம் படியில் நான் விழுந்தேன். எக்ஸை மட்டும் ரெட்டிப்பாக்கிட்டுப் பன்னிரண்டை அப்படியே விட்டுட்டேன். அப்பன் பக்கம் மூணு எக்ஸும் பன்னிரண்டும், மகன் பக்கம் ரெண்டு எக்ஸும் பன்னிரண்டும். ரெண்டு பக்கமும் கழிச்சுக் கழிச்சுப் பார்த்தா எக்ஸ் சைபர்னு வந்தது. மகன் வயசு சைபர், அப்பன் வயசும் சைபர், ரெண்டு பேரும் ஒரே நாள்ல பிறந்திருக்காங்க, பிள்ளைத்தாச்சி யாருன்னுதான் தெரியலை. உள்ளே வஜீதா சிரிச்ச சிரிப்பில் மஹபூப் பாஷாவே என்னமோ ஏதோன்னு வந்து எட்டிப் பார்த்துட்டுப் போனார். சரியா ரெட்டிப்பாக்கினா ரெண்டு எக்ஸும் இருபத்துநாலும். அஞ்சு, ரெண்டு பக்கத்திலேயிருந்தும் ரெண்டு எக்ஸை அனுப்பிடு, ரெண்டு பக்கத்திலேயிருந்தும் பன்னிரண்டை அனுப்பிடு. தனியா நிக்கிறது எக்ஸ், அது பேர் பன்னிரண்டு. மகனுக்குப் பன்னிரண்டு, அப்பனுக்கு முப்பத்தாறு. இதையும் நீ முதல்லேயே சரியாத்தான் எழுதியிருந்தே. உனக்கு வழி தெரியாம இல்லை, எழுத வெக்கம். அந்த வெக்கத்தை உனக்குக் குடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும்.

இப்போ முக்கிய சமாசாரம். கிறிஸ்துமஸ் முடிஞ்ச மறுநாள், ஒரு தட்டில் பலகாரம் எடுத்துக்கிட்டு வில்சன் வாத்தியார் நம்ம வீட்டுக்கு வந்தார். என் கோழி இத்தனை வருஷம் கழிச்சு முறுக்காத் திரும்பி வருதான்னு பார்த்தேன். உள்ளே கூப்பிட்டுப் பலகை போட்டு உக்கார வெச்சேன். இந்த ஜூன் மாசத்தோட அவருக்கு வேலை முடியுது, சொந்த ஊர் பாளையங்கோட்டைக்கே போறாராம். பட்டம்மா, அன்னைக்கு ஏதோ வாயில் வந்ததைச் சொல்லிட்டேன், நீயும் தெருத் தெருவாக் கேட்டுட்டே, போதும், மறந்துடுன்னார். மறக்கிறதுக்கு இது என்ன நீங்க நடத்தின பாடமா சார்னு கேட்டேன். எதிரில் என் சிலேட்டில் இந்த வயசுக் கணக்கு அஞ்சு படியும் இருந்தது, பக்கத்தில் நீ அனுப்பின விடைக் காகிதம். அந்த ஆளுக்குக் கை சும்மா இருக்குமா, சிலேட்டை எடுத்தார், படிச்சார். முதல் படிக்கு லாபம்னு போட்டிருக்கிறதைப் பார்த்தார், அடுத்த படிக்குப் போய்ட்டார். அப்புறம் பல்பத்தை எடுத்து, இங்க ஒரு படி விட்டுப்போச்சும்மான்னார். கணக்கு முடிஞ்சுபோச்சே சார்னேன். முடியலை, பன்னிரண்டுன்னா பன்னிரண்டு என்ன, பன்னிரண்டு கழுதையா, வயசுன்னு எழுதணும், அதுக்கப்புறம் விடையைக் கொண்டுபோய் முதல்ல கேட்ட கேள்வியிலேயே வெச்சுப் பார்க்கணும்னு சொல்லி அவரே எழுதினார். மகன் பன்னிரண்டு, அப்பன் முப்பத்தாறு, மூணு மடங்கு சரி. பன்னிரண்டு வருஷம் கழிச்சு இருபத்துநாலு, நாற்பத்தெட்டு, ரெண்டு மடங்கு சரி. இந்த ஒரு வரி இருந்தா பரீட்சைக்காரனுக்கு நம்பிக்கை வரும், இதை எழுதாமத்தான் பாதிப் பேர் போறாங்கன்னார். வஜீதாவும் பரீட்சை எழுதினவ இல்லையே, அவளுக்கும் இது தெரியாது. நான் சைபர் வயசு அப்பனைப் பெத்தப்போ இந்த வரியை எழுதிப் பார்த்திருந்தா அங்கேயே மாட்டியிருப்பேன். அந்த ஆளுக்குக் கணக்கு தெரியும்டா, அதைச் சொல்லாம இருக்க முடியாது, சொல்றதுக்கு எனக்கு எரிச்சலா இருந்தாலும்.

அப்புறம் உன் காகிதத்தைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். விடை எல்லாம் சரியா இருக்குது, அவன்து எப்பவும் சரியாத்தான் இருக்கும்னார். அப்போ பெஞ்சு மேல ஏன் சார் நிக்க வெச்சீங்கன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு அவர் சொன்னது இதுதான், ஒரு எழுத்து நான் கூட்டலை.

“அவன் பார்த்து எழுதலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் பட்டம்மா. பிள்ளைங்க சிரிச்சாங்க. எனக்கு அது பிடிச்சிருந்தது.”

துரைசாமி, அதுவரைக்கும் என் கோபத்துக்குள்ள ஒரு மூலையில் சின்னச் சந்தேகம் ஒண்ணு இருந்தது, ஒருவேளை அந்த ஆள் நிஜமாவே நீ பார்த்து எழுதினேன்னு நம்பித்தான் பண்ணாரோன்னு. அதையும் அவரே பலகாரத் தட்டோட வந்து துடைச்சு எடுத்துட்டுப் போனார். இப்போ என் கோபம் ஓட்டை ஒடசல் இல்லாத புதுக் குடம் மாதிரி இருக்குது. நான் அழலை, கத்தலை, சுக்குத் தண்ணி வெச்சுக் குடுத்தேன். அவர் குடிச்சுட்டு, எனக்கு வயசாச்சு, மீசை எதுக்கு, இப்பவே போய் எடுத்துடறேன், அத்தோட விட்டுடுன்னு எழுந்தார். நான் வாசலில் குறுக்கே நின்னுட்டேன்.

“வேணாம் சார். இப்போ எடுத்தா நீங்க எடுத்ததா ஆயிடும். என் பிள்ளை எடுக்கணும்.”

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்துட்டுப் போனார், அன்னிக்கு அடுத்த தெருவுக்குத் திரும்பலை, நேரா நடந்து போனார். பலகாரத்தை நாங்க தின்னுட்டோம், நல்லாத்தான் இருந்தது. அந்தக் கடைசிப் படியை வஜீதாகிட்ட சொன்னேன். அதுக்கு அவள், பட்டம்மா, அவர் கையாலேயே கத்தியைத் தீட்டிக் குடுத்துட்டுப் போயிருக்காரு, எல்லாக் கணக்குக்கும் அடியில் அந்த வரியை எழுதச் சொல்லுன்னா. தொட்டிக்கும் நீயே எழுதிப் பாரு, மூணு மணியில் முதல் குழாய் ஒன்பது மரக்கால், ரெண்டாவது ஆறு, போனது மூணு, நிக்கிறது பன்னிரண்டு, சரி. இப்போ எனக்கு இது விளையாட்டா ஆயிடுச்சு, மண்டியில் கூலி வாங்கினாக்கூட வாங்கினதைக் கேள்வியில் வெச்சுப் பார்த்துட்டுத்தான் முந்தானையில் முடியறேன்.

வாத்தியார் வந்துட்டுப் போனதை உன் நைனாகிட்ட சொன்னேன். மறுநாள் வேலை முடிஞ்சு வர்றப்போ நல்ல எருமைத் தோல்ல ஒரு வார் அறுத்து எடுத்துக்கிட்டு, ஸ்டேஷன் எதிரில் அம்பட்டன் பச்சையப்பன்கிட்ட குடுத்துட்டு வந்தார், கத்தி தீட்டறதுக்கு. பச்சையப்பன் அதை ஆணியில் மாட்டி வெச்சிருக்கிறான். வர்றவன் போறவன் எல்லாம் இது யாருக்குன்னு கேக்கறானாம், அவன் மேல் உதட்டைத் தடவிக் காட்டறானாம்.

மார்ச்சு மாசம் வேலூரில் பரீட்சை. உன் பேரைக் குடுத்தாச்சு, உன்னைக் கேக்கலை, கேட்டா வேணாம்பே. முடிவு வர்றப்போ வாத்தியார் இந்த ஊர்லதான் இருப்பார். இதை விட்டா மீசை ரயிலேறித் தெற்கே போய்டும். மில்லில் லீவு கேளு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லு, பொய் ஒண்ணும் இல்லை, இதுவும் ஒரு காய்ச்சல்தான், மீசை இறங்கினாத்தான் இறங்கும். தேறலைன்னா என்ன பண்றதுன்னு நீ யோசிப்பே, உன் மூஞ்சி எனக்கு இங்கேயிருந்தே தெரியுது. தேறலைன்னா நான் பாளையங்கோட்டைக்கு டிக்கெட்டு எடுத்துக்கிட்டுப் போய் அங்கேயும் தெருத் தெருவா மீசை சௌக்கியமான்னு கேப்பேன். அதனால அந்தக் கவலை உனக்கு வேணாம், அது அவருக்கு.

பரீட்சைத் தாளில் மட்டும் முதல் படிக்கு ஒண்ணுன்னே போடு. மனசுக்குள்ள லாபம்னு சொல்லிக்கோ, அதைத் திருத்த எவனாலும் முடியாது. படி எதையும் விடாதே, அந்த ஆளே சொல்லிக் குடுத்த கடைசி வரியை எந்தக் கணக்குக்கும் விடாதே. மீதிக் கணக்குங்களை இதோட வெச்சிருக்கேன், எல்லாத்துக்கும் வழி எழுதி அடுத்த தபாலிலேயே அனுப்பு, விடை மட்டும் வந்தா ஆட்டுக்குட்டிக்குத் தின்னக் குடுத்துடுவேன். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளி. கப்பலில் மேல்தட்டில் படுக்காதே, பனி ஒத்துக்காது. பட்டணத்தில் ரயில் ஏறினா தூங்கிடாதே, உன் நைனா மாதிரி ஜோலார்பேட்டை வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வராதே.

அவர் மேல எனக்குக் கோபம் இல்லைம்மான்னு எழுதியிருந்தே. நிஜமா இருந்தா சந்தோஷம், அதையும் சுமந்துக்கிட்டு நீ கடல் தாண்ட வேணாம். கோபம் நம்ம ரெண்டு பேருக்கும் வேண்டியது என்கிட்ட இருக்குது, நீ கணக்கை மட்டும் எடுத்துக்கிட்டு வா. தாயும் தகப்பனும் மனசார வாழ்த்தறோம், கை வைக்கிற காரியம் எல்லாம் உனக்குத் துலங்கட்டும்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கிற அம்மா,
பட்டம்மாள்.